மியூசியத்தில் பார்த்த மாதிரி வண்டுப் பெட்டியை வீட்டில் செய்தால் நிற்குமா?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போயிருக்கிறீர்கள். மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளையும் விட்டுவிட்டுப் பிள்ளைகள், உலர்ந்த வண்டுகளை ஊசியில் குத்தி அடுக்கிய வண்டுப் பெட்டிதான் வேண்டும் என்கிறார்கள். மலேசியாவில் குளுவாங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருக்கிறீர்கள், பூசணம் பிடிக்காதா, ஐஸ்பெட்டியில் பூச்சி வைக்க வீட்டில் எதிர்ப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நிற்கும். பொதுவாக அருங்காட்சியகங்களில் காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டிக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். நம் ஊரில் மழை பெய்த இரவில் அது 90ஐத் தாண்டும். வீட்டுப் பெட்டிகள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் ஊசி குத்துவதைவிடக் காயவைப்பதைப் பற்றித்தான் கீழே அதிகம் இருக்கும்.

‘பிள்ளைகளுக்கு உயிரைக் கொல்லவா சொல்லித் தருகிறாய்’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு பதில். காண்டாமிருக வண்டு செம்பனையின் குருத்தைத் துளைத்துத் தின்பது. மறுநடவு செய்த இடங்களில் அதைப் பிடிக்கத் தோட்டக்காரர்களே வாசனைப் பொறி தொங்கவிடுகிறார்கள். அந்தப் பொறியின் வாளியில் விழுந்ததைத் தோட்டத்து மேற்பார்வையாளர்களான கண்டக்டரிடமோ மண்டோரிடமோ கேட்டு வாங்கினால் போதும், புதிதாக ஒன்றையும் கொல்ல வேண்டாம். இரவில் பேட்மிண்டன் கோர்ட் விளக்கடியில் விழுந்து கிடப்பதும் சரிதான். காட்டோரத்துப் பட்டாம்பூச்சிகள் பக்கம் போகாதீர்கள். ராஜா புரூக் பட்டாம்பூச்சி 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. அழகாக இருக்கிறதே என்று ஊசி குத்தினால் வழக்கு வரும்.

பொறி வாளியில் கை விடும்போது கையுறை போடச் சொல்லுங்கள். இளங்கன்றுகளுக்கு சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். மட்கிய கட்டைகளைப் பிள்ளைகள் கிளறவே கூடாது. வண்டின் புழு அங்கேதான் வளரும், உண்மைதான். ஆனால் எலி இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் நாகமும் இருக்கும்.

உயிரோடு கிடைத்ததை மூடியுள்ள டப்பாவில் டிஷ்யூ போட்டு வைத்து, ஃப்ரீசரில் 48 மணி நேரம் விடுங்கள். ஓர் இரவு மட்டும் வைத்து எடுத்தால் பெரிய வண்டு சில சமயம் மேசைமேல் எழுந்து நடக்கும். ஐஸ்பெட்டி விஷயத்தில் உங்கள் வீட்டம்மா பக்கம்தான் நியாயம். டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, மேலே எழுதி ஒட்டி, மீன், இறைச்சி இல்லாத தட்டில் வையுங்கள். ஏற்கெனவே காய்ந்து விறைத்த வண்டு கிடைத்தால் காலை இழுக்காதீர்கள், ஒடிந்துவிடும். நனைத்துப் பிழிந்த டிஷ்யூமேல் ஒரு சிறு மூடியை வைத்து, அதில் வண்டை வைத்து, சில சொட்டு டெட்டால் தெளித்து டப்பாவை இறுக மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் மூட்டுகள் இளகும்.

தையல் குண்டூசி வேண்டாம். துருப்பிடிக்கும், பித்தளை ஊசியானால் உடம்பின் கொழுப்போடு சேர்ந்து பச்சையாகப் பூக்கும். பூச்சிகளுக்கென்றே துருப்பிடிக்காத எஃகு ஊசி 38 மில்லிமீட்டர் நீளத்தில் ஷாப்பியில் கிடைக்கிறது. ஊசியின் கனத்தை எண்ணால் குறிப்பார்கள்: காண்டாமிருக வண்டுக்கு எண் 5, மற்றவற்றுக்கு எண் 2 அல்லது 3. முதுகை மூடியிருக்கும் இரண்டு கெட்டி இறக்கைகளில் வலப்பக்கத்து இறக்கையின் மேல்பகுதியில் செங்குத்தாக இறக்குங்கள். நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் வெளியே வர வேண்டும். நடுக்கோட்டில் குத்தினால் இறக்கைகள் பிளந்துகொள்ளும். மேலே ஒரு சென்டிமீட்டர் ஊசி மிஞ்சட்டும், பிடித்துத் தூக்க அதுதான் இடம். மறுமுறை மியூசியம் போனால் பிள்ளைகளை இந்த வலப்பக்க ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள். இடப்பக்கம் சேதமில்லாமல் ஆராய்ச்சிக்கு மிஞ்சும் என்பதற்காக உலகம் முழுக்க இப்படித்தான் குத்துகிறார்கள்.

இனிதான் முக்கியமான வேலை. காண்டா வண்டின் வயிறு பெரியது, உள்ளே ஈரமும் கொழுப்பும் நிறைய. அப்படியே விட்டால் நாற்றம் வரும், பிறகு உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து கறுக்கும். ஊசி குத்துவதற்கு முன்பே கெட்டி இறக்கைகளை மெல்லத் தூக்கி, அடியில் இருக்கும் மென்மையான தோலைச் சிறு கத்தரியால் கீறி, உள்ளே இருப்பதை இடுக்கியால் எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, கொஞ்சம் உலர்ந்த பஞ்சை அடைத்து மூடுங்கள். இதைப் பெரியவர்கள் செய்யட்டும். சின்ன வண்டுகளுக்கு இது தேவையில்லை.

காயவைக்க வெயில் உதவாது. நிறம் வெளுக்கும், கொஞ்சம் அசந்தால் எறும்பும் பல்லியும் வந்துவிடும். ரப்பர் விளிம்பும் கிளிப்பும் உள்ள ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 250 கிராம், மேலே ஃபோம் துண்டில் குத்திய வண்டு. கால்களை இருபுறமும் குறுக்கு ஊசிகளால் அணைத்து நிறுத்துங்கள், காலைத் துளைக்க வேண்டாம். இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். ஊசி முனையால் வயிற்றைத் தொட்டால் கொஞ்சமும் அசையக் கூடாது, அசைந்தால் இன்னும் ஒரு வாரம். அவசரப்பட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் அதிலிருந்து கிளம்பும் பூசணம் பக்கத்து வண்டுகளுக்கும் தாவும். சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள், நீலத்தில் நச்சான கோபால்ட் இருக்கிறது. ஈரம் குடித்து ஆரஞ்சு பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம்.

பெட்டிக்கும் அதே மாதிரி ரப்பர் மூடி டப்பாதான். கண்ணாடிச் சட்டம் பார்க்க அழகு, இடுக்கு வழியாக ஈரம் நுழையும். அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஈவிஏ ஃபோம், அதாவது பிள்ளைகள் விளையாடும் புதிர்ப் பாய். எறும்பு ஏறாமலிருக்க, டப்பாவை வைக்கும் மேசையின் கால்களுக்கு, பழைய லயத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரிக்கு வைத்ததுபோல், தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

லேபிள் இல்லாத வண்டு வெறும் அலங்காரம். 18க்கு 8 மில்லிமீட்டர் தாளில் பென்சிலால் எழுதி அதே ஊசியில் வண்டுக்குக் கீழே குத்துங்கள். ஊர், மாநிலம், தேதி, எங்கே கிடைத்தது, பிடித்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளும் மாதமும் குழம்பாது. பால்பாயிண்ட் மை மங்கிவிடும்.

இன்னொன்றையும் சேருங்கள், யாரும் சேர்ப்பதில்லை. செம்பனையின் ஆண் பூவில் மொய்த்து, மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சுமந்து போகும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூன்வண்டு. கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் மலேசியாவில் முதலில் விட்டது குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில்தான். அதற்கு முன் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து பூப்பூவாக ஊதிக்கொண்டு போனவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். நாட்டின் பொருளாதாரத்தையே தூக்கிவிட்ட பூச்சி, அதற்கு முன் அந்த வேலையைச் செய்த மனிதர்கள், இரண்டையும் பற்றி இந்த ஊரில் ஒரு தகவல் பலகைகூடக் கண்ணில் பட்டதில்லை. பள்ளிச் சுற்றுலாப் பேருந்தோ வருஷா வருஷம் நீர்ச்சறுக்கு விளையாட்டுக்குத்தான் போகிறது. சரி, கேள்வி அதில்லை. இவ்வளவு சின்ன வண்டை ஊசியால் குத்த முடியாது. பத்து மில்லிமீட்டர் நீளத்தில் முக்கோணமாகத் தடித்த அட்டை வெட்டி, அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்தி, கூர் முனையைக் கொஞ்சம் கீழே மடக்கி, அதில் ஒரு புள்ளி வெள்ளைப் பசை தொட்டு வண்டின் வலது மார்பை ஒட்டுங்கள்.

அந்துருண்டை போடச் சொல்வார்கள். அதன் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கும். அதைவிட, வீட்டில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை இருந்தால் அந்துருண்டையின் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், கிட்டவே வேண்டாம். பதிலாக மாதம் ஒருமுறை வண்டுகளின் அடியைப் பாருங்கள். பழுப்பாகத் தூள் கொட்டியிருந்தால் உலர்ந்த பூச்சியைத் தின்னும் வண்டின் புழு உள்ளே வந்துவிட்டது. முழு டப்பாவையும் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் ஒரு நாள் அறைச் சூட்டில் விட்டு, பைக்கு வெளியே வேர்த்தது முழுவதும் காய்ந்த பிறகு திறங்கள்.