டொர்னேடோ வார்னிங்: அந்த அரை மணி நேரப் பயத்தை என்ன செய்வது?

கேள்வி: அக்கா, அமெரிக்காவின் ஓக்லஹோமாவுக்குக் குடிவந்து இது முதல் வசந்தகாலம். போன் அலறினாலே மூளை வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. எது வாட்ச், எது வார்னிங் என்பதே மறந்துபோகிறது.

பதில்: வாட்ச் என்றால் டொர்னேடோ (மேகத்திலிருந்து தரைவரை சுழன்று இறங்கும் பயங்கரக் காற்று) உருவாகத் தோதான வானிலை. பல கவுண்டிகளுக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்து, பல மணி நேரத்துக்கு வானிலைத் துறையினர் கொடுப்பார்கள். உங்கள் வேலையைப் பார்க்கலாம். ஷூ, டார்ச், சார்ஜ் போட்ட போன் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். போன் அப்படி அலறுவது வார்னிங்குக்குத்தான். அலறினால் யோசிக்காமல் எழுந்து போங்கள். பேஸ்மென்ட் இருந்தால் அங்கே. இல்லையென்றால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறை: குளோசெட் (துணிமணி வைக்கும் சின்ன அறை), குளியலறை, மாடிப்படிக்கு அடியில், எதுவானாலும் சரி. எந்த அறை என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். பாதிப் பதற்றம் அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருப்பதால்தான் வருகிறது.

கேள்வி: குளோசெட்டுக்குள் போய்விடுகிறேன். பிரச்சினை அதற்கப்புறம்தான். நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மயக்கம் வருகிறது. "தைரியமா இரு" என்று யாராவது சொன்னால் கோபம்தான் வருகிறது.

பதில்: கோபம் நியாயம்தான். சொன்னால் வந்துவிடுவதா தைரியம்? விரல் மரப்பதும் தலை லேசாவதும் பெரும்பாலும் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் வருபவை. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, உடனே "ஹார்ட் அட்டாக்கோ" என்று இன்னொரு பயம் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே "ஆழமா மூச்சை இழு" என்ற அறிவுரையை விடுங்கள். வெளியே விடுவதை நீட்டுங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், உதட்டைக் குவித்துக்கொண்டு.

அடுத்தது, வார்னிங்கிலேயே முடியும் நேரம் இருக்கும். பெரும்பாலும் முப்பது, நாற்பத்தைந்து நிமிடம். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "குளோசெட்ல இருக்கேன். கதவு மூடியிருக்கு. 8.45 வரைக்கும் இங்கதான்." முடிவு தெரியாத பயத்தைவிட, முடியும் நேரம் தெரிந்த பயத்தைத் தாங்குவது சுலபம். புயல் நகர்ந்தால் வார்னிங்கை நீட்டவோ புதிதாகக் கொடுக்கவோ செய்வார்கள், அதனால் வானொலி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2007 முதல் கவுண்டி முழுவதற்கும் என்றில்லாமல், புயலின் பாதையை ஒட்டிக் கோடு கிழித்துத்தான் வார்னிங் கொடுக்கிறார்கள். அதற்குள்ளும் பெரும்பாலான வீடுகளை டொர்னேடோ தொடுவதில்லை. பத்தில் ஏழு வார்னிங் அளவுக்கு டொர்னேடோவே இல்லாமல் முடிகின்றன. (இதெல்லாம் குளோசெட்டுக்குள் உட்கார்ந்து நினைத்துப் பார்க்க. சோபாவிலேயே இருக்கச் சாக்கு அல்ல.)

கேள்வி: என் கணவர் வீடியோ எடுக்க வாசலுக்குப் போய்விடுகிறார். என் பயத்தில் பாதி அவரால்தான்.

பதில்: 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்லின் நகரில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். சைரன் கேட்ட பிறகும், கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தவர்கள் நிறைய பேர். அந்த டொர்னேடோ மழைத்திரைக்குள் மறைந்து வந்தது, பார்த்தாலும் தெரிந்திருக்காது. இதை அவரிடம் வெயில் அடிக்கிற நாளில் சொல்லுங்கள். வார்னிங் சமயத்தில் சண்டை வேண்டாம். வானொலியையும், தலையைக் காக்க ஹெல்மெட்டுகளையும் உள்ளே கொண்டுவருவது அவர் பொறுப்பு என்று ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகள் "நாம செத்துடுவோமாம்மா?" என்று கேட்டாள். வாயடைத்துப்போனேன்.

பதில்: "ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாதீர்கள், உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். "காத்து பலமா வரலாம். நம்ம வீட்லயே பத்திரமான இடம் இதுதான். அம்மா உன்கூடவே இருக்கேன்" என்று சொன்னால் போதும். அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். டார்ச்சுக்கு அவள்தான் பொறுப்பு, அவள் சொன்னால்தான் அணைக்க வேண்டும் என்று. சும்மா ஒரு மாலையில் ஒத்திகை பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையைப் பூட்ட அவளே பழகட்டும். நடுங்கும் கையோடு அந்தக் கொக்கியைப் போடுவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

கேள்வி: ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு வெடிக்காதாமே?

பதில்: பழைய கட்டுக்கதை. ஜன்னல் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி (இன்னொருவர்): நாங்கள் இருப்பது மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் லேசான வீடு). எனக்கும் மூச்சுப் பயிற்சிதானா?

பதில்: இல்லை. உங்கள் பயம் சரியானது, அது சொல்வதைக் கேளுங்கள். தரையோடு கட்டி வைத்திருந்தாலும் பலமான காற்றுக்கு அது தாங்காது. வாட்ச் வந்ததுமே உறுதியான கட்டடத்துக்குக் கிளம்பிவிடுங்கள். வார்னிங்குக்குக் காத்திருந்தால் வழியிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: வானம் கறுத்தாலே ரேடார் ஆப்பைத் திறந்துவிடுகிறேன். ராத்திரித் தூக்கமே போச்சு.

பதில்: காவல் காக்கும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுங்கள். அலாரம் உள்ள நோவா (NOAA, அமெரிக்க அரசு அமைப்பு) வானிலை வானொலி ஒன்றைத் தலைமாட்டில் வைத்தால், வார்னிங் வந்ததும் அது எழுப்பிவிடும். ஆப்பைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிட நிம்மதி கிடைக்கும், அப்புறம் பயம் இன்னும் பெரிதாகும். மழைக்காலம் முழுக்க வேலை, தூக்கம், பயணம் எல்லாம் கெடுகிறது என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். இந்த வகைப் பயத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நன்றாகவே கைகொடுக்கிறது. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அமெரிக்காவின் பேரிடர் மன உளைச்சல் உதவி எண் 1-800-985-5990. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

கேள்வி: வார்னிங் முடிந்த பிறகுதான் எனக்கு அழுகை வருகிறது. இது என்ன கூத்து?

பதில்: அதுவரை அடக்கி வைத்ததுதான் வெளியே வருகிறது. அழுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். டொர்னேடோ வீடியோக்கள் மட்டும் அன்று ராத்திரி வேண்டாம்.