ஊதிப் பார்த்தும் ஓடாத பழைய கேம் கார்ட்ரிட்ஜைக் கெடுக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

கேம் கருவியில் செருகும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊதுவதை முதலில் நிறுத்துங்கள். நீங்களும் ஊதியிருப்பீர்கள், ஊதாதவர் யார்? ஊதியபின் ஓடியது என்றால் அது மூச்சின் மகிமை இல்லை. கழற்றி மறுபடி செருகியதில் மின்சாரம் கடத்தும் உலோகத் தகடுகள் உரசித் தொடர்பு கிடைத்தது, அவ்வளவுதான். எச்சில் ஈரம் உள்ளேயே தங்கித் தகடுகளை அரிக்கும்.

90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் போதும். சொட்டாத அளவுக்கு நனைத்து, விளிம்பிலுள்ள தகடுகளை நீளவாக்கில் துடையுங்கள். முதல் குச்சி கறுத்துவரும். புதுக் குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். "தயாரித்த நின்டெண்டோ நிறுவனமே கார்ட்ரிட்ஜின் பின்புறம் ஆல்கஹால் வேண்டாம் என்று அச்சிட்டிருந்ததே" என்று யாராவது கிளம்புவார்கள். தெரியும். அதனால்தான் தகடுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்டிக்கர் பக்கம் போவதில்லை. உப்புத்தாளும் உலோகப் பாலிஷும் பொன்முலாமையே தேய்த்து எடுத்துவிடும். ரப்பரும் கொஞ்சம் தேய்க்கத்தான் செய்யும். வேறு வழியே இல்லாதபோது மென்மையான வெள்ளை ரப்பர்.

இவ்வளவு தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். அக்காவின் கேம் பாய் என்ற நின்டெண்டோ கையடக்கக் கருவி, அதில் போக்கிமான் ரெட் என்ற விளையாட்டின் கார்ட்ரிட்ஜ். திரை வெறுமையாகவே நின்றது. "சுத்தம் மட்டும் செய்து கொடுடா" என்றாள். கார்ட்ரிட்ஜை மூடியிருக்கும் 3.8 மில்லிமீட்டர் திருகுக்குச் சாதாரணத் திருப்புளி பொருந்தாது. பேனாக் குழாயின் நுனியைத் தீயில் இளக்கி, திருகின்மேல் அழுத்தி, ஆறியதும் திருகினேன், வந்துவிட்டது. மூன்று குச்சிகள் கறுத்தன. போட்டதும் ஓடியது. சேமித்து வைத்த ஆட்டத்தில் அக்காவின் பெயர், பள்ளி நாட்களில் நூறாம் நிலைவரை அவள் வளர்த்த சாரிசார்ட் என்ற போக்கிமான், எல்லாம் அப்படியே இருந்தன.

அங்கேயே மூடியிருக்க வேண்டும். உள்ளே நாணய வடிவில் ஒரு பேட்டரி தெரிந்தது. திறந்தது திறந்தாயிற்று, இதையும் மாற்றிவிடலாமே என்று கை துறுதுறுத்தது. அந்தச் சேமிப்பு உயிரோடு இருப்பதே அந்தப் பேட்டரியால்தான். புதியதை வைத்து இயக்கினேன். தொடக்கப் பட்டியலில் புதிய ஆட்டம் என்ற வரி இருந்தது. 'தொடர்க' என்ற வரியே இல்லை.

அக்கா திட்டவில்லை. அத்தான்தான் விடவில்லை. குடும்பம் கூடும் இடமெல்லாம் "இவனிடம் எதையும் கொடுக்காதீர்கள்" என்று இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணப் படங்கள் மொத்தமும் இருந்த ஹார்டு டிஸ்கை பார்மேட் செய்தவர் அவர். அதைப் பற்றி இன்றுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

உங்கள் கார்ட்ரிட்ஜில் பேட்டரி இருந்தால், அது தீராதவரை தொடாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமானால், சேமிப்பைக் கணினிக்கு நகலெடுக்கும் கருவிகள் கிடைக்கின்றன. அந்த வேலையை முதலில் முடியுங்கள். அளவு ஒன்றுக்கொன்று மாறும், பழைய பேட்டரியின்மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். சால்டரிங் செய்யக் கால் போன்ற சிறு தகடுகள் பொருத்தியே வரும் பேட்டரியாக வாங்குங்கள். வெறும் பேட்டரியில் நேரடியாகச் சால்டரிங் செய்தால் சூட்டில் வெடிக்கவும் கூடும். "நான் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

அக்காவின் கார்ட்ரிட்ஜ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தகடுகள் பளபளவென்று இருக்கின்றன. அவள் திருப்பிக் கேட்கவே இல்லை.