ஆட்டுக்குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல்: எலியாலோ கோழியாலோ வருமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிவது இது. குறிஞ்சிப்பாடி பக்கம் கொஞ்சம் வெள்ளாடு வைத்திருக்கிறீர்கள், அதே கொட்டகையில் நாட்டுக்கோழி அடைகிறது, தவிட்டு மூட்டையில் எலி ஓடுகிறது. ஐப்பசி மழை பிடித்ததும் குட்டிகளுக்கு மட்டும் ரத்தக்கழிச்சல். கோழியை விற்றுவிட்டு எலிக்கு விஷம் வைத்தால் நிற்குமா என்று கேட்கிறீர்கள். நிற்காது. ஆடு கட்டும் இடத்தில் எலி விஷம் வைக்கவே வேண்டாம், குட்டி நக்கினால் அதுவும் சேர்ந்து போகும்.

மழைக்காலத்தில் மூன்று வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளுக்கு இப்படி வந்தால் முதல் சந்தேகம் காக்சிடியா மேல்தான். குடல் சுவரில் பெருகும் ஓரணு ஒட்டுண்ணி அது, ஐமீரியா இனம். ஒரு விலங்கினத்தின் கிருமி இன்னொரு விலங்கினத்துக்குத் தாவாது. கோழிக்கு ரத்தக்கழிச்சல் தருவது ஐமீரியா டெனெல்லா, கன்றுக்கு ஐமீரியா ஜூர்னியை, சுண்டெலிக்கு ஐமீரியா ஃபால்சிஃபார்மிஸ். கோழி எச்சத்தை ஆட்டுக்குட்டி தின்றாலும் அந்தக் கிருமி குட்டியின் குடலில் பெருகி முழு வளர்ச்சி அடையாது, வெறுமனே வெளியேறிவிடும். இவ்வளவு ஏன், செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும்கூட வேறு வேறு. பழைய புத்தகங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும். ஒன்றின் கிருமியை மற்றதற்குக் கொடுத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்று கண்ட பிறகுதான், 1979-இல், செம்மறியுடையது ஐமீரியா ஓவினாய்டாலிஸ் என்று தனியாகப் பிரிக்கப்பட்டது.

"அப்படியென்றால் எலியால் எதுவுமே வராதா?" என்று சண்டைக்கு வருவார்கள். வரும். எலி மூத்திரம் தண்ணீரில் கலந்தால் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா மாடு, ஆடு, மனிதர் எல்லோரையும் பிடிக்கும். எலியைத் தின்ற பூனை தீவனத்தில் கழித்தால் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வந்து சினையாடு குட்டி வீசும். எலியின் காலில் ஆட்டுப்புழுக்கை ஒட்டி அடுத்த அறைக்கும் போகலாம், உங்கள் செருப்பிலும் அப்படித்தான் போகும். ஆகவே தவிட்டைத் தகர டிரம்மில் மூடி வையுங்கள். ஆனால் குட்டிகளின் கழிச்சலுக்குக் காரணத்தை எலிவளையில் தேடாதீர்கள்.

காரணம் தாய் ஆடுதான். நலமான பெரிய ஆடுகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊசிஸ்ட்டை, அதாவது கிருமியின் முட்டை போன்ற உறையை, புழுக்கையில் விட்டுக்கொண்டே இருக்கும். விழுந்தவுடன் அதற்குத் தொற்றும் சக்தி கிடையாது. ஈரம், காற்று, வெதுவெதுப்பு மூன்றும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முதிரும். அதற்குள் கூட்டி அள்ளிவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். பிளீச்சிங் பவுடர், பினாயில் எதற்கும் அது மசியாது. காய்ந்த தரை, கொதிநீர், நெருப்புச் சுவாலை இவைதான் கொல்லும். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்க உதவும், அவ்வளவுதான்.

இன்று சாயங்காலமே தீவனத் தொட்டிக்குள் குனிந்து பாருங்கள். குட்டிகள் உள்ளே ஏறி நின்று, தவிட்டுக்கு நடுவில் புழுக்கை போட்டிருக்கும். தொட்டியைக் குட்டியின் மார்பு உயரத்துக்குத் தூக்கி, மேலே குறுக்குச் சட்டம் அடியுங்கள். இது ஒன்றே பாதி வேலை. மூன்று மாதம் கடந்த குட்டிக்குத் தலைக்கு 5 சதுர அடிக்குக் குறையக் கூடாது. ஒரே வயதுக் குட்டிகளைத் தனியாக அடையுங்கள்.

மருந்துக்கு முன்னால் சோதனை. நாலைந்து குட்டிகளின் புதுப்புழுக்கை, தலைக்கு ஐந்து பத்து கிராம், மூடிபோட்ட டப்பாவில் அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புழுக்கையில் உள்ள ஊசிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நலமான குட்டியிடமும் கிராமுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும், ரத்தம் தெரிந்த முதல் நாள் ஒன்றுமே இல்லாமலும் போகும். வயது, கழிச்சல், இறந்த குட்டியின் குடல் எல்லாம் சேர்த்துத்தான் மருத்துவர் சொல்வார்.

கழிச்சல் என்றாலே கடையில் ஆல்பெண்டசோல் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அது புழு மருந்து, காக்சிடியாவை ஒன்றும் செய்யாது. வேலை செய்வது ஆம்புரோலியம், கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் 5 நாள். அல்லது டோல்ட்ராசூரில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஒரே தடவை. 6 கிலோ குட்டிக்கு 5 சதவீத மருந்தில் 2.4 மில்லி வரும். கோழிக்கான 2.5 சதவீதக் கரைசலை அப்படியே வாயில் ஊற்றாதீர்கள், காரத்தன்மை அதிகம், புண்ணாக்கும். ஆம்புரோலியம் அளவு மீறினால் தயாமின் (வைட்டமின் பி1) குறைந்து குட்டி கண் தெரியாமல் தலையை அண்ணாந்து நிற்கும். தராசில் நிறுத்து, மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி ஊட்டுங்கள்.

பல விலங்குகள் பங்கு போட்டுக்கொள்ளும் ஒட்டுண்ணிகளும் உண்டு. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பொது. கண்ணிமை வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்தால் அதை நினையுங்கள், அங்கேதான் புழு மருந்துக்கு வேலை. கல்லீரல் தட்டைப்புழு ஆடு, மாடு, எருமை என்று பார்க்காது. வீராணம் பாசன வாய்க்கால் ஓரம் நத்தை இருக்கும் இடத்தில் மேய விடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைகளில் நீர்க்கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிகிறார்கள். அந்தக் கட்டி நாயின் நாடாப்புழுவுடைய குஞ்சுப் பருவம். நாய் தின்றால் புழுவாகும், நாய் கழித்த முட்டை நம் வாய்க்குப் போனால் நம் ஈரலிலும் கட்டி வளரும். அதை வேகவைக்க வேண்டும், இல்லையென்றால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். பட்டி நாய்க்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.