தற்போதைய பதவி

கடிதம்:

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு ஊர் திருக்கோவில். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். எங்களுக்கு மூத்த பட்ச் அக்காமார் 2017இல் வேலை கேட்டு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் போராட்டம் இருந்ததைப் பார்த்தபடிதான் நாங்கள் படித்தோம். 2020இல் எங்களைப் பட்டதாரிப் பயிலுநராக எடுத்து 20,000 ரூபாய் கொடுப்பனவு தந்தார்கள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தரமாகிவிட்டது. இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடுகள் பார்க்கிறேன். ஒரு மகன் இருக்கிறான்.

எங்கள் பட்ச் ஒன்றுகூடலுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். படிவம் வந்தது: பெயர், தற்போதைய பதவி, மணமானவரா, பிள்ளைகள் எத்தனை பேர். வாட்ஸ்அப்பில் எல்லாரும் நிரப்பிப் போடுகிறார்கள். ஒருத்தி நாடக ஆசிரியை. ஒருவன் கட்டாரில் களஞ்சியப் பொறுப்பாளர், ஒருவன் நுண்கடன் கம்பனியில் வசூல், ஒருவன் கலியாண வீடியோ, ஒருத்தி ரொறன்ரோவில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பொடியன் ஒருவன் மட்டும் ஊரில் இன்னும் கூத்துப் பழக்குகிறான். அவன் 'சுயதொழில்' என்று போட்டிருக்கிறான்.

நான் பதவி என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். "கூத்தாடுறதுக்கு நாலு வருசம் கம்பஸா?" என்று அப்பா அன்று கேட்டது இப்போது உறுத்துகிறது. நான் இன்னும் நாடகக்காரிதானா ஐயா? படித்தது வீணா? பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

'அபிவிருத்தி உத்தியோகத்தர்' என்று எழுதிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு ஆச்சி உங்கள் மேசைக்கு முன்னால் நின்று, சொல்ல வந்ததை விட்டு வேறு கதையெல்லாம் சொல்லும்போது, அவ எதைச் சொல்லாமல் விடுகிறா என்று பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நாடகம் படித்தவருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

எனக்குக் கோபம் படிவம் தயாரித்தவர்கள் மீதுதான். நாடகம் படித்த ஒரு கூட்டம் தன்னைப் பற்றித் தானே மலர் போடுகிறது, அதில் நாடகத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கலியாணத் தரகரின் கொப்பியில் இருக்கிற கேள்விகள்தான் இருக்கின்றன. நிறுவகத்துக்குப் பெயர் தந்த விபுலாநந்தரையே எடுங்கள். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, துறவியானவர். 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதி சேக்ஸ்பியரையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உங்கள் படிவத்தைக் கொடுத்திருந்தால் அவருடைய நாடக வேலை எந்தக் கோட்டிலும் வந்திராது.

உங்கள் அப்பாவுக்கு வழமையாகச் சொல்லப்படும் பதில் ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பில் கூத்தை வைத்து அடுப்பெரித்தவர் யார்? கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வயல் செய்தார், மீன் பிடித்தார், வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு மத்தளத்தை எடுத்தார். ஆகவே நீங்களும் கந்தோருக்குப் போங்கள், மிச்ச நேரத்தில் ஆடுங்கள். இதை மேடையில் சொன்னால் கைதட்டு விழும். எனக்கு இந்தப் பதிலில் பாதிதான் சம்மதம்.

அண்ணாவியாருக்குப் பின்னால் ஒரு ஊர் நின்றது. முதலில் சட்டம் கொடுப்பார்கள், இன்னாருக்கு இன்ன வேஷம் என்று. பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். சதங்கை கட்டுகிற நாள் ஊருக்கே ஒரு விழா. பிறகு அடுக்குப் பார்ப்பார்கள், அதாவது முழு ஒத்திகை, பிறகுதான் அரங்கேற்றம். ஊருக்கு நடுவில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம் போடுவார்கள், விடியும் வரை ஆட்டம் நடக்கும். அது முடிந்து வீட்டுக்கு வீடு போய் ஆடும்போது கையில் ஏதாவது வைத்து அனுப்புவார்கள். செலவையும் ஊர் பார்த்தது, ஆட்களையும் ஊர் தந்தது. ஒரு பட்டதாரிக்கு இன்றைக்கு இது ஒன்றுமே இல்லை. மண்டப வாடகை, ஒலிபெருக்கி, உடுப்பு, ஒத்திகைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, எல்லாம் அவர் கைக்காசு.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அண்ணாவியார் இரவிரவாக மத்தளம் அடிக்க, பிள்ளையை நித்திரையாக்கியது அவருடைய மனுசி. உங்கள் மகனை யார் நித்திரையாக்குவது? மரபில் பெண் வேஷத்தையும் ஆம்பிளையே கட்டினான். உங்கள் பட்ச் பெண்கள் வடமோடிக் கூத்தின் தாளக்கட்டை வாயால் சொல்லி, காலால் மிதித்து, பரீட்சையும் எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஆச்சிமாருக்குக் களரியின் ஓரத்தில் பாய் விரித்து இருந்து பார்க்கத்தான் கிடைத்தது. படித்தது வீணா என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் மிச்ச நேரத்தில் ஆடு என்று உங்களுக்குச் சொல்கிறவர்கள், அந்த மிச்ச நேரம் ஒரு பெண்ணுக்கு எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

நாடகக்காரிதானா என்ற கேள்விக்கு முகத்துக்கு நேரே பதில் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். இப்போது இல்லை. ஒத்திகையில் நிற்காதவரை யாரும் நாடகக்காரர் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாலும் இல்லை. பேராசிரியர் மௌனகுரு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தனிடம் கூத்துப் பழகியது 1960களில். பாடசாலையில் படிப்பித்த காலத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஓய்வு பெற்ற பிறகும் பழக்குவதை விடவில்லை என்பதால்தான் அவரை இன்னும் நாடகக்காரர் என்கிறோம். ஆனால் இது போனால் திரும்பாத சங்கதி இல்லை. அடுத்த சனிக்கிழமை நாலு பேரை வைத்து ஒரு காட்சியைப் பழக்கத் தொடங்கினால், அன்றைக்கே நீங்கள் நாடகக்காரி.

உங்கள் பட்ச் ஆட்களைப் பாருங்கள். ஆசிரியையின் நிலை எனக்குத் தெரிந்ததுதான். பல பாடசாலைகளில் வருசம் முழுக்க நாடக ஆசிரியருக்குத் தமிழும் வரலாறும் கொடுத்துவிட்டு, தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது "ஒரு நாட்டுக்கூத்து, ஒரு வில்லுப்பாட்டு" என்று ஓடி வருவார்கள். அந்த இரண்டு கிழமையும் அவருக்குத் துணைக்கு ஆள் வேண்டும். கலியாண வீடியோப் பொடியனிடம் கமராவும் விளக்கும் இருக்கின்றன. வசூல்காரருக்கு எந்த ஊரில் யார் வீடு என்று மனப்பாடமாகத் தெரியும், வேறு யாரையும்விட நன்றாகக் களரிக்கு ஆள் சேர்ப்பார் (கடன்காரர்கள் அவரைக் கண்டு ஒளியாமல் இருந்தால்). கட்டாரிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களிடம் காசு கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிறவர்கள்தானே.

அந்தப் படுவான்கரைப் பொடியனிடம் 'சுயதொழில்' என்பதை வெட்டச் சொல்லுங்கள். அண்ணாவியார் என்ற பெயரை ஊர்தான் தர வேண்டும் என்று அவருக்குக் கூச்சமாக்கும். அது நல்ல கூச்சம். 'கூத்துப் பழக்குகிறேன்' என்று எழுதலாமே.

மலர்க்குழுவிடம் படிவத்தை மாற்றச் சொல்லிப் பாருங்கள். கடைசியாக எப்போது, எங்கே, யாரோடு ஆடினீர்கள் அல்லது பழக்கினீர்கள். உங்களால் இப்போது என்ன முடியும்: மத்தளமா, ஒப்பனையா, உடுப்புத் தைக்கவா, பாட்டா. வீட்டில் என்ன கிடக்கிறது: சல்லரித் தாளம், கிரீடம், பழைய பிரதி. கிழமையில் எந்த நாள், எத்தனை மணிக்கு உங்களால் வர முடியும். கடைசிக் கேள்வியைப் பெண்கள் நிரப்பட்டும், அதைப் பார்த்து ஒத்திகை நேரத்தை வைக்கட்டும். ராத்திரிப் பழக்கம்தான் மரபு என்று யாராவது சொன்னால், சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் ஓரமாக விளையாடிக்கொண்டு தாளக்கட்டைப் பிடித்துவிடுவார்கள், ஆளை வைத்துப் பழக்கத் தேவையில்லை.

மாற்ற மாட்டோம் என்று சொன்னாலும் நீங்கள் விடாதீர்கள், கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இருக்கிற உங்கள் பட்ச் ஆட்களிடம் மட்டும் இதைத் தனியாகக் கேளுங்கள். நாலு பேர் தேறினால் போதும்.

மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும். இனாமாக வேண்டாம், விலையைச் சொல்லுங்கள்.