குருத்து வெளுப்பது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்தமுறை நாற்றுவிடாமல் புழுதியில் நேரடியாக நெல் விதைத்தோம். இருபது நாளில் குருத்து வெளுத்துவிட்டது. அடியிலைகள் பச்சையாகவே இருந்தன. இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துத் தெளித்ததும் தேறியது. மண்ணில்தான் இரும்பு ஏராளமாயிற்றே, அப்புறம் ஏன் குறைவு? பயிருக்கு அது தெரியுமா?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

நீர் கட்டிய சேற்றில் காற்று குறைவு; இரும்பு கரைந்த நிலையில் கிடைக்கும். புழுதியில், அதிலும் சுண்ணாம்பு மண்ணில், அது துருவாக இறுகிவிடும். இருந்தும் எடுக்க முடியாது.

பயிருக்குத் தெரியும். நெல், பார்லி போன்ற புல்லினங்களின் வேர் ஒரு பொருளைக் கசியவிட்டு, அதைக் கொண்டு துருவிலிருந்து இரும்பைக் கவ்வி உள்ளிழுக்கிறது. ஜப்பானில் தகாகி என்ற ஆய்வாளர் 1976-இல் இந்தக் கசிவைக் காட்டினார். அந்தப் பொருளுக்கு மூஜினிக் அமிலம் என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘முகி’ பார்லி, ‘நே’ வேர். பார்லி தாராளமாகக் கசியவிடும், நெல் கொஞ்சமாக. சேற்றில் வளரும் நெல்லுக்கு அவ்வளவு தேவைப்பட்டதில்லை. அதனால்தான் 2001-இல் பார்லியின் மரபணுக்களை நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள்; அந்த நெல் களர்த்தன்மையுள்ள மண்ணிலும் தாக்குப்பிடித்தது.

இரும்பு குறைந்ததும் ஐடிஇஎஃப்1, ஐஆர்ஓ2 முதலிய புரதங்கள் இந்த வேலைக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. என்னை வியக்கவைப்பது இவை அல்ல, இவற்றுக்கு எதிர்வேலை செய்யும் எச்ஆர்இசட் என்ற புரதங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் கோபயாஷி, நிஷிசாவா குழுவினர் 2013-இல் விவரித்தவை. இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் இவை, முடுக்கும் புரதங்களில் சிலவற்றை, செல் சிதைத்துவிடும்படி அடையாளமிடுகின்றன. எச்ஆர்இசட் புரதங்களைக் குறைத்த நெல் இரும்புப் பற்றாக்குறையைத் தாங்கியது, மணியிலும் இரும்பு கூடியது! அப்படியானால் இந்தத் தடை எதற்கு? இரும்பு மிஞ்சினாலும் நெல்லுக்கு ஆபத்து. சேற்று வயலில் சில நேரம் இலையில் செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்து கருகுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இரும்பு நஞ்சு. இன்னொன்று, பற்றாக்குறை வந்ததும் இந்தத் தடைப் புரதத்தின் மரபணுக்களும் கூடவே விழித்துக்கொள்கின்றன. பசியோடு இருக்கும்போதே, அளவு மீறாமலிருக்கச் செடி ஏற்பாடு செய்துகொள்கிறது.

உங்கள் வயலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய இலையில் சேர்ந்த இரும்பு புது இலைக்கு எளிதில் நகராது. குருத்து முதலில் வெளுத்தது அதனால்தான். ஆகவே ஒருமுறை தெளித்ததோடு விட்டுவிடாதீர்கள். அடுத்து விரியும் இலையைப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவே மஞ்சளோடினால் மறுபடியும் தெளியுங்கள். அன்னபேதியை மண்ணில் போட்டால் அதுவும் துருவாகிவிடும்.