டிரேடிங் முறையையும் பண நிர்வாகத்தையும் பழைய டேட்டாவில் சோதிக்க எந்த மென்பொருள் நல்லது? எனக்கு நிரல் எழுதத் தெரியாது.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற விதிகளைச் சோதிப்பது ஒன்று. ஒவ்வொரு டிரேடிலும் எவ்வளவு பணம் போடுவது என்பதைச் சோதிப்பது இன்னொன்று. முதல் வேலையை இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருளும் செய்துவிடும். இரண்டாவதில்தான் பல மென்பொருள்கள் காலை வாரும். நான் பட்டது அங்கேதான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பங்கையும் தனித்தனியாக பேக்டெஸ்ட் செய்து, அதாவது பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்த்து, வந்த லாபத்தையெல்லாம் எக்செல்லில் போட்டுக் கூட்டினேன். கணக்கு பிரமாதமாக வந்தது. ஒரே நாளில் எட்டுப் பங்குகளில் சிக்னல் வந்தால் எட்டுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் எக்செல் ஒவ்வொரு பங்குக்கும் தனி முதல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. பிறகு எல்லாப் பங்குகளும் ஒரே கணக்கிலிருந்து பணம் எடுப்பதுபோல ஓட்டிப் பார்த்தேன். பாதி டிரேடுகளுக்குப் பணமே இல்லை. சந்தை விழுந்த நாட்களில் வாங்கிய எல்லாம் சேர்ந்தே விழுந்ததால், டிராடவுனும், அதாவது கணக்கு அதன் உச்சத்திலிருந்து இறங்கும் அளவும், நான் நினைத்ததைவிட மிக ஆழமாக இருந்தது.

அதனால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பல பங்குகளை ஒரே கணக்கில் வைத்து, நாள்வாரியாக ஓட்டுமா?

டிரேடிங்வியூ தளத்தில் அதன் பைன் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் ஸ்ட்ராட்டஜி ஒரு சார்ட்டில் இருக்கும் ஒரே பங்கின் மேல்தான் ஓடும். ஒரு யோசனை தேறுமா என்று பத்து நிமிடத்தில் பார்க்க அருமையான இடம், பண நிர்வாகத்தைச் சோதிக்கப் போதாது. கரன்சி டிரேடர்கள் பயன்படுத்தும் மெட்டாட்ரேடர் 4-இன் டெஸ்டரும் அப்படித்தான். பல கரன்சிகளைச் சேர்த்து ஓட்ட மெட்டாட்ரேடர் 5 வேண்டும். அமிபுரோக்கர் போர்ட்ஃபோலியோவாக யோசிக்கிறது, அதாவது பல பங்குகளை ஒரே கணக்கில் வைத்து ஓட்டும். பணம் குறைவாகவும் சிக்னல் அதிகமாகவும் இருந்தால் எதற்கு முன்னுரிமை என்பதை பொசிஷன்ஸ்கோர் என்ற ஒரு வரியில் சொல்லிவிடலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு பேக்டிரேடர் இலவசம். ஃபியூச்சர்ஸ் டிரேட் செய்பவர்கள் டிரேடிங் பிளாக்ஸ் என்ற மென்பொருளைச் சொல்வார்கள்.

ஒரு மென்பொருளை எடைபோட நான் டர்ட்டில் விதிகளை எடுத்துக்கொள்வேன். 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் டிரேடிங் பழகாதவர்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த முறை அது. அதன் எண்ட்ரி விதி ரொம்ப எளிது: 20 நாள் உச்சத்தையோ 55 நாள் உச்சத்தையோ தாண்டினால் வாங்கு. எந்த மென்பொருளும் இதைச் செய்யும். சரக்கு இருப்பது பணக் கணக்கில். விலை ஒரு நாளில் எவ்வளவு அசைகிறது என்பதன் 20 நாள் சராசரியை எடுத்து, விலை அந்த அளவு நகர்ந்தால் கணக்கில் 1 சதவீதம் மட்டுமே ஏறி இறங்கும்படி ஒரு யூனிட்டின், அதாவது ஒரு முறை வாங்கும் தொகுப்பின், அளவை வைக்க வேண்டும். ஸ்டாப், அதாவது நஷ்டத்தோடு வெளியேறும் விலை, அந்த அசைவைப்போல இரண்டு மடங்கு தூரத்தில். ஒரே சந்தையில் 4 யூனிட்டுக்கு மேல் கூடாது, நெருங்கிய தொடர்புள்ள சந்தைகளில் 6, ஒரே திசையில் மொத்தம் 12. இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். ஒரு புது டிரேடை எடுக்கலாமா என்பதற்கான பதில் அந்தப் பங்கின் சார்ட்டில் இல்லை, கணக்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. இதை எழுத முடியாத மென்பொருளில் பண நிர்வாகத்தைச் சோதிப்பது வீண் வேலை.

எவ்வளவு போடுவது என்பது ஏன் இத்தனை முக்கியம்? பத்தில் நான்கு முறை ஜெயிக்கும், தோற்றால் போகும் தொகையைப்போல இரண்டு மடங்கு ஜெயித்தால் லாபமாகக் கிடைக்கும் ஒரு முறையை எடுத்துக்கொள்வோம். 1956-இல் ஜான் கெல்லி தந்த சூத்திரப்படி இதற்கு ஒரு டிரேடில் 10 சதவீதம் ரிஸ்க் எடுக்கலாம், அதாவது தோற்றால் கணக்கில் 10 சதவீதம் போகும். கணிதப்படி நீண்ட காலத்தில் அதுதான் வேகமாக வளரும். ஆனால் ஆயிரம் டிரேடில் தொடர்ந்து பத்துத் தோல்வி வர இந்த முறையில் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு இருக்கிறது. 2 சதவீதம் ரிஸ்க் எடுத்திருந்தால் அந்தப் பத்துத் தோல்வியில் 18 சதவீதம் போகும். 5 சதவீதமென்றால் 40. கெல்லி சொன்ன 10 சதவீதமென்றால் கணக்கில் 65 சதவீதம் காலி, பழைய இடத்துக்கு வர அப்புறம் 187 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். சந்தை அதே, விதிகளும் அதே. ஒரே ஓர் எண்தான் மாறியது.

அந்தத் தோல்வி வரிசை உங்கள் பேக்டெஸ்டில் வராமலே போயிருக்கலாம். அதனால் டிரேடுகளை ஆயிரம் முறை கலைத்துப்போட்டு ஓட்டும் மான்டே கார்லோ வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நான் சராசரி ரிசல்ட்டைப் பார்ப்பதில்லை, மோசமான 5 சதவீத ஓட்டங்களில் டிராடவுன் என்ன என்பதைப் பார்த்துத்தான் ரிஸ்க் அளவை முடிவு செய்கிறேன்.

ஸ்டாப் லாஸ் விஷயத்தில் எந்த மென்பொருளையும் முழுசாக நம்ப வேண்டாம். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று வைத்திருந்த அடிமட்டத்தை முன்னறிவிப்பில்லாமல் நீக்கியது. விலை சில நிமிடங்களில் 1-க்குக் கீழே பாய்ந்தது. அந்த நாளுக்கு ஒரே கோடாக வரும் தினசரி கேண்டிலில் பார்த்தால் விலை 1.20-இலிருந்து இடைவெளியே இல்லாமல் இறங்கியதுபோல்தான் தெரியும். 1.19-இல் ஸ்டாப் வைத்த பேக்டெஸ்ட், அங்கேயே வெளியேறிவிட்டதாக எழுதிக்கொள்ளும். நிஜத்தில் அந்த விலையில் எதிரே ஆளே இல்லை, பலருக்கு வெகு கீழேதான் ஆர்டர் நிறைவேறியது.

டேட்டாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: இன்றைய இன்டெக்ஸில் இருக்கும் பங்குகளை வைத்துப் பழைய பத்து ஆண்டுகளைச் சோதிக்காதீர்கள். காணாமல் போன நிறுவனங்கள் அதில் இருக்காது, ரிசல்ட் தானாகவே அழகாகிவிடும்.

நிரல் தெரியாது என்கிறீர்கள். டிரேடிங்வியூவில் பழைய சார்ட்டை ஒவ்வொரு நாளாகக் கையால் நகர்த்தி, உங்கள் முறைப்படி வரும் நூறு டிரேடுகளைக் குறித்துக்கொண்டு, ரிஸ்க் சதவீதத்தை மட்டும் எக்செல்லில் மாற்றிப் பாருங்கள். நான் செய்ததுபோல் பல பங்குகளைக் கூட்டிவிடாதீர்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏதாவது தேறினால் அமிபுரோக்கர் மொழியைக் கற்றுக்கொள்ள உட்காரலாம். எக்செல் ஃபார்முலா எழுத வருபவருக்கு அது பெரிய மலையில்லை.

எதில் ஓட்டினாலும், டிரேடு லிஸ்டிலிருந்து இருபதை எடுத்து சார்ட்டோடு கையால் ஒப்பிட்டுப் பாருங்கள். போரடிக்கும் வேலை, நானும் ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் உட்கார்ந்தபோது மூன்றாவது டிரேடிலேயே தெரிந்துவிட்டது: அன்றைய குளோஸ் விலையில் வரும் சிக்னலுக்கு, அதே நாள் காலை ஓப்பன் விலையில் வாங்கிக்கொண்டிருந்தது என் நிரல். ஒரு நாள் தள்ளி மாற்றி எழுதியதும் லாபம் முழுக்க மறைந்துவிட்டது.