இரண்டு பிடித்தம்

கேள்வி: என் பேரனுக்குப் பத்து வயது. சின்னதில் தானாகவே என் மடியில் வந்து உட்கார்ந்து அ, ஆ எழுதினவன், இப்போது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அதனால் வகுப்புக்குப் போனால் 100 ரூபாய் கொடுக்கிறேன். ஒரு வாரம் போகாவிட்டால் இரண்டு வாரக் காசைப் பிடித்தம் செய்கிறேன். மருமகள் இதை 'மோட்டிவேஷன்' என்கிறாள்; அவள் அலுவலகப் பயிற்சியில் ஒரு பிரமிடு படம் போட்டு விளக்கினார்களாம். ஆனால் பையன் முன்பைவிட வேண்டாவெறுப்பாகத்தான் போகிறான். என்ன செய்யலாம்?
– ஒரு பாட்டி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் 'பிடித்தம்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கூலியில் கழிப்பதும் பிடித்தம், மனசு ஒன்றில் ஒட்டுவதும் பிடித்தம். ஒரே சொல்லுக்குள் இப்படி எதிரும் புதிருமாக இரண்டு பொருள். உங்கள் வீட்டில் முதல் பிடித்தம் இரண்டாவதைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஒரு தடவை வராவிட்டால் இரண்டு தடவைக்கான காசு போச்சு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மாதம் 5 ரூபாய்க்கு ஒப்பந்தம் எழுதி நம் பூட்டன்மாரைக் கொண்டுவந்தார்களே, அந்தக் கரும்புத் தோட்டத்துக் கணக்கு இது. ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலி வெட்டு. 'டபுள் கட்' என்று அதற்குப் பேரே இருந்தது. அந்த வெட்டுக்குப் பயந்து எவனாவது கரும்பை நேசித்தானா? தோட்டத்தை விட்டு ஓடினார்கள். ஓடுகிறவர்களை மடக்க 1867-இல் படம் ஒட்டிய அடையாளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கச் சட்டம் போட்டார்கள். அதே வெட்டு, ஒரு தமிழ்ப் பாட்டியின் கையால், தமிழ் வகுப்புக்காக விழுகிறது என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. உங்களைக் கடிந்துகொள்ளவில்லை அம்மா. பாசத்தில்தான் செய்கிறீர்கள்.

வெட்டு இருக்கட்டும், கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவைக் கண்டாலே ஓடிவந்து படம் வரையும் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு அதே சான்றிதழை, சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மிச்சப் பேருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, இஷ்டம்போல் விளையாட விட்டபோது, பேசி வைத்துப் பரிசு வாங்கிய குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். பேனா அதேதான்; விளையாட்டாக இருந்தது அவர்களுக்கு வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கோ ஆசை குறையவே இல்லை.

முதலிலிருந்தே பிடிக்காத காரியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கெடுவதற்கு ஆசையே இல்லை. ஆனால் உங்கள் பேரன் மடியில் வந்து தானாக எழுதினவன். அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.

மருமகளின் பிரமிடைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதே பக்கத்தில் எத்தனை தடவை எழுதியும் ஓயவில்லை. மனுஷனின் தேவைகளைப் பற்றி மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1943-இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது அது. முதலில் சோறு, பிறகு பாதுகாப்பு, அப்புறம்தான் அன்பும் மதிப்பும் என்று மனுஷன் படி ஏறுவதாகப் பாடம் எடுக்கிறார்கள். தைப்பூசத்தன்று கத்ர் போர்ன் ஊருக்கு வந்து பாருங்கள். பத்து நாள் விரதமிருந்த உடம்போடு, காவடியைத் தோளில் வைத்து கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்குப் படி ஏறுகிறவருக்கு எந்தப் படி முதல் படி? முருகனிடமும் பேரம்தானே என்பார் ஒருவர். இல்லை. பிள்ளை பிழைத்தால் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர், பிழைத்த பிறகுதான் எடுக்கிறார். இனி வாங்க வேண்டியது ஒன்றுமில்லாதபோது நடக்கிற நடை அது. அதனால்தான் அதற்கு நேர்த்திக்கடன் என்று பேர். கூலி என்று யாரும் சொல்வதில்லை.

காசுக்கு வராத இந்தப் பிடித்தம் நம்மிடமும் உண்டு. 1998 நினைவிருக்கிறதா? புதிய ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது கொதித்தோமே. தாளின் மதிப்பில் ஒரு காசு குறையவில்லை. குறைந்தது எழுத்தின் இடம். அந்தத் தாள்களைத் திரும்பப் பெறும்வரை நாம் ஓயவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஆகவே அம்மா, சனிக்கிழமைக் காசை நிறுத்துங்கள், பிடித்ததையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மடியில் உட்கார வைக்கிற வயசு போய்விட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சில் நீங்களும் போய் உட்காருங்கள். என்ன எழுதுவது என்று அவனே முடிவு செய்யட்டும், கால்பந்துக்காரர்களின் பெயராக இருந்தாலும் சரி. எப்போதாவது சொல்லாமல் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு 100 ரூபாய்த் தாளை எடுத்து அவன் முன்னால் வையுங்கள், கொடுப்பதற்காக அல்ல. அதில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருக்கும் தமிழ் வரியை அவனை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதில் படமாக இருக்கும் நம் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் யாரென்று கதையாகச் சொல்லுங்கள்.